டிக்கட்டுக்குப் பணம் கட்டியவர் யார்?



"காசு கொடுத்தா வந்தோம்? சும்மா இரயில் ஏற்றினார்கள், சும்மா கப்பல் ஏற்றினார்கள், வந்து சேர்ந்தோம்." மலாயாவின் தோட்டங்களில் முதல் தலைமுறையாகக் குடியேறிய மூத்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. தமிழ்நாட்டின் ஏதோ ஒரு சிற்றூர் நிலையத்தில் இரயில் ஏறிய ஏழைத் தொழிலாளி, கடல் கடந்து வந்து, மறுபடியும் இரயில் ஏறி, தோட்டத்து லயத்தில் தம் மூட்டையை இறக்கி வைக்கும் வரை கையிலிருந்து ஒரு காசும் கொடுக்கவில்லை. பல இலட்சம் பேர் இவ்வாறு பயணம் செய்திருக்கிறார்கள். ஏழைகளுக்கென்று உலகில் நடத்தப்பட்ட இலவசப் பயணத் திட்டங்களில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

ஆனால் இரயில் கம்பெனியும் கப்பல் கம்பெனியும் தருமத்துக்கு வண்டி ஓட்டுவதில்லை. ஒவ்வொரு டிக்கட்டுக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் யார்? அவர் ஏன் கட்டினார்? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், நம் குடும்பங்களின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி விளங்கும்.

இந்தக் கதை இந்தியாவின் இருப்புப் பாதையில் தொடங்குகிறது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861ஆம் ஆண்டில் இரயில் ஓடியது. அடுத்த ஆண்டே அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. அதுவரை துறைமுகம் என்பது உள்நாட்டு விவசாயிக்கு வெகு தூரத்து இடம். பாதை வந்த பிறகு கடற்கரை ஒரு நாள் பயணத்துக்குள் வந்துவிட்டது. ஆயினும் பாதை இருந்தால் போதுமா? டிக்கட்டுக்குக் காசு வேண்டுமே! தஞ்சை வட்டாரத்துப் பண்ணையாளுக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. அவர் வீட்டுக் குதிருக்குள் நெல் இருந்தாலும் மடியில் ரொக்கம் இருந்ததில்லை. மழை பொய்த்த ஆண்டில் நெல்லும் இல்லை. ஆகவே, மூன்றாம் வகுப்பு டிக்கட்டே அவருக்கு எட்டாத பொருள். கப்பல் டிக்கட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தக் காலத்தில் இவரை மலாயாவுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது ஒப்பந்த முறை. மலாயாத் தமிழர் இதைச் 'சஞ்சி' என்றார்கள். உடன்படிக்கை என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது அது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் சஞ்சிக் கூலிகளே. பயணச் செலவை முதலாளி முதலில் கட்டுவார். பிறகு தொழிலாளியின் சம்பளத்தில் அதைப் பிடித்துக்கொள்வார். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பு தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. டிக்கட் என்பது அங்கே கடன் பத்திரமாக இருந்தது. கப்பலில் கால் வைத்த நாளிலேயே மனிதர் கடனாளி ஆகிவிட்டார்.

இரண்டாவது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைத் துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தம் கிராமத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும் உறவினரையும் தெரிந்தவரையும் திரட்டிக்கொண்டு வருவார். இங்கே சஞ்சியைப் போல எழுத்தொப்பந்தம் இல்லை. ஆயினும் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நின்றது. சஞ்சியில் துரைக்குக் கடன், இதில் கங்காணிக்குக் கடன். வேறுபாடு அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் வந்தது. காடுகள் அழிக்கப்பட்டு எங்கு பார்த்தாலும் பால்மரம் நடப்பட்டது. ஆள் தேவை பன்மடங்கு பெருகியது. அப்போது தோட்டக்காரர்களுக்குள்ளேயே ஒரு சண்டை மூண்டது. ஒரு துரை செலவு செய்து நூறு பேரைக் கொண்டுவருவார். அடுத்த தோட்டத்துத் துரை ஒரு செலவும் செய்யாமல், ஐந்து காசு கூடுதலாகத் தருகிறேன் என்று ஆசை காட்டி, அவர்களில் முப்பது பேரை இரவோடு இரவாக இழுத்துக்கொள்வார். ஒருவர் கட்டிய டிக்கட்டின் பலனை இன்னொருவர் அனுபவித்தார். இப்படியே போனால் எவர் பணம் போட்டு ஆள் கொண்டுவருவார்?

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே 1907ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. தமிழர் குடியேற்ற நிதி என்னும் பொது நிதி ஒன்று தோன்றி, 1908 முதல் செயல்பட்டது. பின்னர் இது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழைத் தொழிலாளி மீது இரக்கப்பட்டு இந்த நிதியை எவரும் தொடங்கவில்லை. முதலாளிகளுக்குள் செலவை நியாயமாகப் பங்கிடுவதே இதன் முதல் நோக்கம்.

நிதி எப்படி நடந்தது என்று பார்ப்போம். தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி கட்ட வேண்டும். வரியின் அளவு வேலை நடந்த நாட்களைப் பொறுத்தது. ஒரு தோட்டத்தில் 100 பேர், ஆளுக்கு மாதம் 24 நாள் வேலை செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 2,400 ஆள் நாட்கள், மூன்று மாதத்துக்கு 7,200. கிராணியார் செக்ரோலைப் பார்த்து இந்த எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு ஏற்ற தொகை நிதிக்குப் போய்ச் சேரும். ஆள் கொண்டுவந்த தோட்டமும் கட்டியது, அடுத்தவன் ஆளை இழுத்த தோட்டமும் கட்டியது. தென்னிந்தியரை வேலைக்கு வைத்திருந்த அரசாங்க இலாகாக்களும் கட்டின.

திரண்ட பணத்தில்தான் இலவசப் பயணம் நடந்தது. அதன் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். கங்காணி தமக்குரிய அனுமதிச் சீட்டுடன் ஊருக்குப் போவார். அவர் திரட்டிய ஆட்களைக் கிராம அதிகாரி பார்த்து ஒப்பமிட வேண்டும். பிறகு அருகிலுள்ள நிலையத்தில் இரயில் ஏறி, நாகப்பட்டினம் முகாமுக்கோ சென்னையை அடுத்த ஆவடி முகாமுக்கோ போவார்கள். இரயில் கட்டணம் நிதியின் பொறுப்பு. முகாமில் சில நாள் தங்கல், சோறு, அம்மைப்பால், வைத்தியப் பரிசோதனை. பிறகு கப்பல். மேல்தட்டில் பாய் விரித்து ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். 1926 முதல் 1973 வரை இந்தக் கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது.

பினாங்கில் இறங்குவோர் ஜெரெஜாக் தீவின் குவாரண்டீனிலும், சிலாங்கூர் பக்கம் போவோர் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வைக்கப்பட்டார்கள். இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம். நோய் இல்லை என்று உறுதியான பின் மீண்டும் இரயில். பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909ஆம் ஆண்டில் பாதை இணைந்துவிட்டது. தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்று பாதையை ஒட்டிய தோட்டங்களுக்கெல்லாம் ஆட்கள் பிரிந்து போனார்கள். அந்தப் பாதைக்காகக் காடு வெட்டி மண் சுமந்தவர்களிலும் தென்னிந்தியர் ஏராளம் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். முன்னே வந்தவர் போட்ட தண்டவாளத்தின் மேல் பின்னே வந்தவர் பயணம் செய்தார்.

இந்தத் திட்டம் தொழிலாளிக்குச் செய்த நன்மை என்ன? முதலாவது, அவர் கடனில்லாமல் இறங்கினார். பயணச் செலவை அவருடைய சம்பளத்தில் பிடிக்க இடமில்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு விலகும் உரிமை அவருக்குச் சட்டப்படி இருந்தது. சஞ்சிக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதற்கு இந்த நிதியும் துணை நின்றது. செலவைப் பொது நிதி ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரு தனி மனிதரைக் கடன் காட்டிக் கட்டிப்போட வேண்டிய தேவை குறைந்தது. இரண்டாவது, 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின் திரும்பும் வழியும் ஓரளவு திறந்தது. வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டாலோ, வேலை உடலுக்குப் பொருந்தாவிட்டாலோ, முதலாளி அநியாயமாக நடத்தினாலோ, இலவசமாக ஊருக்கு அனுப்பப்படலாம் என்ற ஏற்பாடு வந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல. சஞ்சியில் வந்தவரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

ஆயினும் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. சட்டம் கடனில்லை என்றது, ஊரில் புறப்படும்போது கங்காணி கொடுத்த கைச்செலவும் பழைய கடனைத் தீர்க்கத் தந்த பணமும் தொழிலாளியின் மனத்தில் கடனாகவே இருந்தன. தோட்டத்தில் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒரு வரும்படி இருந்தது. தம் ஆட்களில் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்குபவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கும். ஆகவே ஆள் விலகிப் போவதை அவர் விரும்புவாரா? ஒரு மாத முன்னறிவிப்பு என்ற உரிமை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, சொந்தக்காரரும் ஊர்க்காரருமான கங்காணியின் முன்னால் எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கும்?

இன்னும் ஆழமான விஷயம் ஒன்று உண்டு. வரி எதன் மேல் விதிக்கப்பட்டது? தொழிலாளி உழைத்த நாட்களின் மேல். துரைக்கு அது ஆள் செலவில் ஒரு பகுதி. கூலி, வீடு, மருந்து, அதோடு நிதி வரி என்று கணக்குப் போட்டே அவர் கூலியை முடிவு செய்தார். தவிர, இலவச டிக்கட் இருக்கும் வரை ஆட்கள் தாராளமாக வந்துகொண்டே இருப்பார்கள். ஆட்கள் தாராளமாக இருக்கும் இடத்தில் கூலியை உயர்த்த எந்த முதலாளி முன்வருவார்? ஆக, டிக்கட்டுக்கு உரிய பணத்தைத் தொழிலாளி இரயில் நிலையத்தில் கட்டவில்லை. பால்மரத்தடியில், நாள்தோறும், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். அது அவருக்கே தெரியாமல் நடந்தது.

நிதியை நடத்திய குழுவில் அரசாங்க அதிகாரிகள் இருந்தார்கள், தோட்ட முதலாளிகளின் பிரதிநிதிகள் இருந்தார்கள். உளி பிடித்துப் பால் வெட்டியவர் அங்கே அமரவில்லை. மலாயாவின் தொழிலாளர் கொள்கையை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட நார்மன் பார்மர் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர், ஆள் வரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இந்த நிதி கருவியாக இருந்ததை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அது எப்படி நடந்தது என்பதற்கு உலகப் பொருளாதார மந்தக் காலமே சாட்சி. 1930ஆம் ஆண்டில் இரப்பர் விலை சரிந்தது. ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. வரவுக்குப் பணம் கொடுத்த அதே நிதி, இப்போது திரும்பிப் போவதற்குப் பணம் கொடுத்தது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசாங்கச் செலவிலும் நிதியின் செலவிலும் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு உழைத்தவர்கள் கையில் எதுவும் இல்லாமல், வந்த வழியே இரயிலேறிப் போனார்கள். இருந்தவர்களுக்கோ கூலி வெட்டு. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று 1920களின் கடைசியில் வகுக்கப்பட்ட நாள் கூலி, 1930இல் ஆணுக்கு 40 காசாகி, பின்பு அதற்கும் கீழே போனது. 1934இல் இரப்பர் விலை நிமிர்ந்ததும் இலவச டிக்கட் மறுபடி வழங்கப்பட்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுவது போல மனிதர் வரத்து திறந்து மூடப்பட்டது. குழாயின் பிடி யார் கையில் இருந்தது என்பதை நேயர்களே உணர்வீர்கள்.

இந்த நிலையில்தான் 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்தார். தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் பிறந்தவர். எந்த வட்டாரத்திலிருந்து ஏராளமானோர் கப்பல் ஏறினார்களோ, அதே மண்ணைச் சேர்ந்தவர். தோட்டங்களைப் பார்த்த பின் அவர் தந்த அறிக்கை 1937இல் வெளிவந்தது. வெட்டப்பட்ட கூலியைப் பழைய 50, 40 காசுக்கு உயர்த்த வேண்டும் என்றும், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதைத் தொடரக் கூடாது என்றும் அவர் பரிந்துரைத்தார். கூலி உயர்ந்தது. ஆனால் 1938இல் இரப்பர் விலை மீண்டும் தளர, ஆணின் கூலி 45 காசாகக் குறைக்கப்பட்டது. அவ்வளவுதான். 1938ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், செலவு கொடுத்து உடலுழைப்புத் தொழிலாளரை மலாயாவுக்கு அழைத்துச் செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. முப்பது ஆண்டுகள் ஓடிய இலவசப் பயணம் அன்றோடு நின்றது.

அதற்குள் எவ்வளவு பேர் வந்துவிட்டார்கள்? மலாயா இந்தியரைப் பற்றி ஆராய்ந்த கெர்னியல் சிங் சந்துவின் கணக்குப்படி, கங்காணி முறையில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர். இவர்களில் மிகப் பலர் 1908க்குப் பின் நிதியின் செலவில் வந்தவர்கள். இவர்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருக்கிறார்கள்.

இலவச இரயில் என்ற பெயரில் இன்னொரு பயணமும் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. ஜப்பானியர் ஆட்சியில் தாய்லாந்தின் பான்பொங் என்னும் இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. நம்மவர் அதைச் சயாம் மரண இரயில் என்பார்கள். தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத காலம். நாளொன்றுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். இணங்காதவர்களைப் பிடித்தும் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்துக்கும் டிக்கட் இல்லை. மூடிய சரக்கு வண்டிகளில் நின்றும் குந்தியும் நாள்கணக்கில் வடக்கே போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றுக்குப் பல்லாயிரம் தமிழர் பலியாகியிருந்தார்கள். முந்தைய இலவசப் பயணத்தில் பெயர் பதிவு இருந்தது, சோறு இருந்தது, ஓரளவுக்குத் திரும்பும் உரிமை இருந்தது, முறையிட அதிகாரி இருந்தார். இந்தப் பயணத்தில் இவை எவையும் இல்லை. இரண்டுக்கும் சீட்டு இலவசம்தான். ஆனால் ஒரு பயணம் மனிதரை வாழ வைக்குமா அழிக்குமா என்பதை அந்த உரிமைகளே முடிவு செய்தன.

போருக்குப் பின் நாடு விடுதலை பெற்றது. எஞ்சியிருந்த நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. ஆட்களைக் கொண்டுவரும் வேலை அதற்கு இனி இல்லை. இந்நாட்டில் உழைத்து முதுமையடைந்தவர்களின் நலனுக்கும், ஊர் திரும்ப விரும்பியவர்களின் பயணத்துக்கும் அந்தப் பணம் உரியதாயிற்று. 1999ஆம் ஆண்டில் அந்த நிதி கலைக்கப்பட்டது. செக்ரோலில் ஒவ்வொரு நாளாக எழுதப்பட்டுச் சேர்ந்த ஒரு நிதியின் வரலாறு அங்கே முடிகிறது.

நிதி முடிந்தாலும் கேள்வி முடியவில்லை. இன்று மலேசியத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பகுதியினர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்களில் பலர் வட்டிக்கு வாங்கியும் நிலத்தை அடகு வைத்தும் தரகருக்குப் பணம் கட்டிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். வந்த பிறகு மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அந்தக் கடனுக்காகவே உழைக்கிறார்கள். வேலை தேடும் தொழிலாளியிடம் வேலைவாய்ப்பு முகவர்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியை 1997ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தன் 181ஆம் உடன்படிக்கையில் எழுதிவைத்தது. வேலைக்கு ஆள் வேண்டுபவரே பயணச் செலவைக் கட்ட வேண்டும் என்ற கருத்து மலாயாவில் 1908லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டன்மார் இன்று வரும் பலரைவிட மேலான நிலையில் இறங்கினார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து லயத்தில் இருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளியை நாம் பார்க்கும் பார்வையில் இந்த நினைவு கொஞ்சம் இருக்கட்டும்.

நேயர்களே! இலவசம் என்று எது வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். பணம் கட்டுகிறவர் யார்? எதிலிருந்து எடுத்துக் கட்டுகிறார்? வேண்டாம் என்றால் திரும்பி வர வழி உண்டா? நம் முன்னோருக்கு இவற்றைக் கேட்கும் படிப்பும் இல்லை, கேட்டால் பதில் சொல்வாரும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்த ஊர் நிலையத்தில் இரயில் ஏறினார்கள், எந்த முகாமில் தங்கினார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று தம் பெற்றோர் சொன்னதை அவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெட்டிக்குள் பழைய சீட்டோ கடிதமோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். சும்மா வந்தவர்கள் என்று எவரேனும் நம்மைச் சொன்னால், சும்மா வரவில்லை, ஒவ்வொரு மைலுக்கும் உழைத்துக் கட்டியாயிற்று என்று சொல்ல அந்த ஒரு நோட்டு போதும்.